குரல் வந்த திசை

துர்கா பூஜையின் பஞ்சமி அன்று காலை என் வலது காது போயிற்று. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. முந்தின இரவு இரண்டு காதோடு படுத்தவள், ஒன்றோடு எழுந்தேன். எழுந்து அரை மணி நேரம் வரை அது எனக்கே தெரியவில்லை. திருச்சியிலிருந்து தங்கை போன் செய்தாள். வழக்கம்போல் வலது காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். மூன்றாம் முறை அவள் கூப்பிட்டபோது வலது கையில் தோசைக் கரண்டி இருந்ததால் போனை இடது காதில் வைத்தேன்.

"ஏன்க்கா கட் பண்ணிக்கிட்டே இருக்கே?" என்று அவள் தெளிவாகக் கேட்டாள்.

போனை மறுபடி வலது பக்கம் மாற்றினேன். குரல் அறுந்தது. அதற்குப் பதிலாக அந்தக் காதுக்குள் மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்தது. இன்றுவரை அது நிற்கவில்லை.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது டாக்டரிடம் போக வேண்டும். அது எனக்குத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒருவர் இருந்தார், அவருக்கும் தெரியவில்லை, அல்லது அன்றைக்கு அவசரம். இதைப் படிப்பவர்களில் ஒருவராவது என்னைவிடச் சீக்கிரமாகப் போனால் சரி என்றுதான் எழுதுகிறேன். வேறு நல்ல நோக்கம் எதுவும் எனக்கு இல்லை.

நாங்கள் கொல்கத்தாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் வீடு. கணவர் ராமநாதன் டீ கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மகள் மது கல்லூரியில் இரண்டாம் வருடம். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். நான் பவானிபூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஏழு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு.

அன்று மதியமே எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். பூஜை விடுமுறைக்குக் கிளினிக்கை மூடுவதற்கு முந்தின கடைசி மணி நேரம். காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். என்னைப் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

"சளி இறங்கியிருக்கு, பௌதி. காத்து அடைச்சிருக்கு. மூக்குக்குச் சொட்டு மருந்து, ஒரு மாத்திரை. லக்ஷ்மி பூஜை முடிஞ்சதும் வாங்க."

"எனக்குச் சளியே இல்லையே டாக்டர். ஈ.என்.டி. யாரையாவது பார்க்கட்டுமா?"

"பூஜையில யார் இருப்பா? எல்லாரும் ஊருக்குப் போயாச்சு." சிரித்தார். "ஒண்ணும் ஆகாது. நல்லா தாகூர் பாருங்க."

அவர் தாகூர் என்று சொன்னது துர்கையை. பந்தல் பந்தலாகப் போய் அம்மனைப் பார்ப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பார்க்கத்தான் போனேன். சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் கொல்கத்தா பூஜை பார்க்க வந்திருந்தது. சப்தமி அன்று காலை என் கணவரிடம் சொன்னேன். "ஏங்க, இது அடைப்பு மாதிரி இல்லை. பைபாஸ்ல பெரிய ஆஸ்பத்திரி ஏதாவது ஒண்ணுல எமர்ஜென்சி திறந்திருக்கும். ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்."

"காதுக்குப் போய் எமர்ஜென்சியா?" என்றார் அவர். "டாக்டரே சொல்லிட்டார். இவங்களை விட்டுட்டு எப்படிப் போறது வசந்தி? நாலு நாள்தானே."

நானும் நாலு நாள்தானே என்று நினைத்தேன். எட்டுப் பேருக்குச் சமைத்தேன். சமைத்துவிட்டுப் பந்தல் பார்க்க நடந்தேன். தெருவின் இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள், எனக்கு எல்லாம் இடது பக்கத்திலிருந்தே வந்தது. டாக் மேளம், ஆட்டோ ஹார்ன், பலூன்காரரின் கூவல் எல்லாமே ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. பாலிகஞ்சில் ஒரு பந்தல் கூட்டத்தில் மது என்னைக் கூப்பிட்டாள். "அம்மா" என்று அவள் குரல் கேட்டது. இடது பக்கம் திரும்பி அந்தக் குரலை நோக்கி வேகமாக நடந்தேன். அவள் வலது பக்கம் நின்றிருந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தவள் கேட்டாள். "நான் கூப்பிடக் கூப்பிட நீ ஏம்மா ஆப்போசிட்டா போறே?"

அன்றைக்குத்தான் பயந்தேன்.

பதினோராம் நாள், லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள், பைபாஸ் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். பூஜையில் தள்ளிப்போட்ட வியாதிகள் எல்லாம் அன்று ஒன்றாக வந்திருந்தன. என் பெயரைக் கூப்பிட்டது எனக்குத் தெரியவில்லை. கணவர் முழங்கையால் தொட்டார்.

காது டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. காதைப் பார்ப்பதற்கு முன்னால் இசைக்கவை ஒன்றை முழங்காலில் தட்டி, அதன் காம்பை என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தக் காதில் கேட்குது?"

"இடது."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தச் சோதனையின் பொருளை அப்புறம் விளக்கினார். காதில் அழுக்கோ சளியோ அடைத்திருந்தால், நெற்றியில் வைத்த கவையின் ஒலி அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். நரம்பு போயிருந்தால் நல்ல காதுக்குப் போய்விடும். அரை நிமிடச் சோதனை. கவைகூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பார்த்தாலே ஓரளவு தெரியுமாம். பதினோரு நாள் நான் மூக்கில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்காது நரம்பு திடீரென்று செயலிழப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தெரியாது. ஸ்டீராய்டு மருந்துதான் சிகிச்சை. முதல் சில நாட்களிலேயே கொடுத்தால் பலன் அதிகம். நாளாக ஆகக் குறையும். எனக்குச் சர்க்கரை இருந்ததால் வீட்டில் வைத்துக் கொடுக்க முடியாது என்றார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். அன்றே சேர்த்துவிட்டார்கள்.

ஆறு நாள். விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்ப்பதும் வயிற்றில் இன்சுலின் போடுவதுமாகப் போயிற்று. நடுவே ஒரு நாள் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. கட்டி இல்லை, எல்லாம் நார்மல் என்று எழுதியிருந்தார்கள். வாழ்த்துச் சொன்னாள் ஒரு நர்ஸ்.

காதுக்குள் போடும் ஊசிதான் கஷ்டம். செவிப்பறையை மரக்கச் செய்து, மெல்லிய ஊசியால் அதைத் துளைத்து, மருந்தை உள்ளே விடுவார்கள். பிறகு அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். முதல் முறை உலகம் சுழன்றது. கணவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, என் வாயோரம் கைக்குட்டையை வைத்து, வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவரைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வார்டில் என் கட்டில் இடது சுவரை ஒட்டி இருந்தது. நல்ல காது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, செத்த காது நடைபாதைப் பக்கம். யார் பேசினாலும் எனக்குத் தெரியாது. வார்டு ஆயா, மாஷி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலில் போய், "அந்த மதராசி தீதிக்கு ரொம்ப கர்வம், பதிலே சொல்றதில்லை" என்றாளாம். மது கேட்டுவிட்டு வந்து சொன்னாள். என் கணவர் கட்டிலை மாற்றச் சொல்லி நர்ஸிடம் போனார். கட்டில் நம்பர் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். திரும்பி வந்து தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வைத்தார்.

"இப்படிப் படு," என்றார்.

தலையும் காலும் மாறியதும் நல்ல காது நடைபாதைப் பக்கம் வந்தது. நர்ஸ் முணுமுணுத்தாள். அவர் காதில் வாங்கவில்லை. அது நல்ல யோசனைதான். அந்தச் சப்தமி காலையில் அவர் இதில் பாதி யோசித்திருக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அன்றும் இன்றும்.

மறுபடி காதுப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனில் பீப் ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். பிறகு வரைபடம் தருவார்கள். என் இடது காதின் கோடு மேலே நேராகப் போயிற்று. சேர்த்த அன்று எடுத்த வரைபடத்தில் வலது காதின் கோடு தாளின் அடியில் கிடந்தது. ஆறு நாள் மருந்துக்குப் பிறகு ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. பேச்சைப் புரிந்துகொள்ள அது போதாது.

"முதல் நாளே வந்திருந்தா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"சொல்ல முடியாது. திரும்பியிருக்கலாம். முதல் நாளே வந்தும் திரும்பாதவங்க இருக்காங்க."

எவர் மேலும் முழுப் பழியைப் போட முடியாதபடி ஒரு பதில். அவர் உண்மையைத்தான் சொன்னார். எனக்கு அது போதவில்லை.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் செவியியல் பிரிவில் ஓர் இளம்பெண் இன்னொரு சோதனை செய்தாள். பெயர் ஷ்ரேயஸி. என் முன்னால் அரைவட்டமாக, கறுப்புத் துணிக்குப் பின்னால் சில ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே சின்ன விளக்கு. முதலில் கண்ணைக் கட்டினாள். எந்தப் பக்கமிருந்து ஒலி வந்தாலும் இடது பக்கத்தையே காட்டினேன். பிறகு கட்டை அவிழ்த்தாள். ஒலி வரும்போதே ஒரு விளக்கும் எரிந்தது. இப்போது தயங்காமல் காட்டினேன். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எல்லா ஒலியும் ஒரே ஸ்பீக்கர்லேருந்துதான் வந்தது," என்றாள் ஷ்ரேயஸி. "நான் விளக்கை மட்டும்தான் மாத்தினேன்."

அவள் பொறுமையாக விளக்கினாள். கண்ணுக்குள் இடம் நேரடியாகப் பதிகிறது. இடது பக்கப் பொருளின் பிம்பம் ஓரிடத்தில், வலது பக்கப் பொருளின் பிம்பம் வேறிடத்தில். காதுக்குள் அப்படி எந்தப் படமும் இல்லை. ஒலி ஒரு காதுக்கு இம்மி முன்னால், மறு காதுக்கு இம்மி பின்னால் வருகிறது. ஒன்றில் கொஞ்சம் பலமாக, மற்றதில் கொஞ்சம் மெதுவாக. அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அதைக் கண் காட்டும் இடத்தோடு பொருத்துகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது தெளிவாக இருக்கிறதோ அதன் பக்கம் சாயும். அது பெரும்பாலும் கண்தான். சினிமாவில் ஸ்பீக்கர் சுவரோரம் இருந்தாலும் பேச்சு நடிகர் வாயிலிருந்து வருவதாகத் தோன்றுவது அதனால்தான்.

"உங்களுக்கு ஒரு காதுதான். கழிச்சுப் பார்க்க இன்னொண்ணு இல்லை. அதனால கண் என்ன சொல்லுதோ அதுதான். ரோடு கிராஸ் பண்ணும்போது ஜாக்கிரதையா இருங்க."

ரோட்டில் ஜாக்கிரதையாக இருந்தேன். மது எப்போதும் என் வலது பக்கம் நடக்க ஆரம்பித்தாள், வண்டி வரும் பக்கம் தான் இருக்க வேண்டுமென்று. அவள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பறையைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

காளி பூஜை முடிந்து பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பில் நாற்பத்தைந்து பெண்கள். யாராவது கேள்வி கேட்டால் கண்ணால் துழாவி, அசையும் வாயைப் பிடித்துப் பதில் சொல்வேன். அவர்களுக்கு இரண்டே வாரத்தில் புரிந்துவிட்டது. நான் பலகையில் எழுதும்போது பின்னாலிருந்து "மிஸ்" என்று குரல் வரும், திரும்புவேன், எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். சிரிப்பு மட்டும் கேட்கும், இடது பக்கத்திலிருந்து.

தியாஷா முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். வகுப்பிலேயே கணக்கு நன்றாக வருகிறவள். பள்ளிகளுக்கிடையே நடக்கும் கணக்கு வினாடி வினாவுக்கு அவள் பெயரை நான்தான் எழுதியிருந்தேன். ஒரு வியாழக்கிழமை பலகையிலிருந்து திரும்பிய நேரத்தில் "காலா" என்று ஒரு குரல் கேட்டது. வங்காளத்தில் காலா என்றால் செவிடு. தியாஷாவின் உதடு அசைந்தது. அந்தச் சொல் அந்த உதட்டிலிருந்து வந்தது. நான் பார்த்தேன், கேட்டேன், இரண்டும் ஒன்றாக.

"எழுந்திரு. என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை மிஸ். ஃபார்முலா சொல்லிப் பார்த்தேன்."

"பொய் வேற சொல்றியா?"

"நான் சொல்லலை மிஸ்."

வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். வினாடி வினாப் பட்டியலை எடுத்து அவள் கண் முன்னால் பெயரை அடித்தேன். அவள் அம்மாவுக்குக் கடிதம் அனுப்பினேன்.

அம்மா மறுநாளே வந்தார். பாங்கில் வேலை பார்ப்பவர் போல. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்திருந்தார். "மிஸ், என் பொண்ணு மனசுக்குள்ள படிக்கும்போது உதட்டை அசைப்பா. சின்ன வயசிலேருந்தே. அவ அந்த வார்த்தையைச் சொல்லமாட்டா. அவ தாத்தாவுக்கே காது கேட்காது."

"என் கண்ணால பார்த்தேன்," என்றேன்.

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். சனிக்கிழமை வினாடி வினா நடந்தது. வேறொரு பெண் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே டிவியில் வங்காளச் செய்தி. வாசிக்கும் பெண் யாரோ ஒருத்தியைத் திட்டிக்கொண்டே போனாள். எரிச்சலாக இருந்தது.

"ஏங்க, அந்த டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன்."

கணவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "டிவி மியூட்ல இருக்கு வசந்தி. மது உள்ளே போன்ல சண்டை போட்டுட்டிருக்கா."

நான் அறைக் கதவைப் பார்த்தேன். குரல் அங்கே போயிற்று. என் மகளின் குரலாக ஆயிற்று. டிவியைப் பார்த்தேன். தெரிந்த பிறகும், மகள் என்று தெரிந்த பிறகும், குரல் அந்தச் செய்திக்காரியின் வாய்க்கே திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது. கத்தியைக் கீழே வைத்தேன்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் கணவர்.

"ஒரு பொண்ணை அநியாயமா தண்டிச்சுட்டேன்."

ஷ்ரேயஸி விளக்கியதை நான் பாடம் கேட்பதுபோல் கேட்டுத் தலையாட்டியிருந்தேன். நாற்பத்தைந்து வாய்கள் இருக்கும் ஓர் அறைக்குத் தினமும் போகிறவளுக்கு அது என்னவாகும் என்று யோசிக்கவில்லை. மனசுக்குள் டாக்டரைத் திட்டினேன், கணவரைத் திட்டினேன். இதற்கு யாரைத் திட்டுவது?

திங்கட்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன். என் வலது காது கேட்காது. யார் பேசுகிறார்கள் என்பதை என்னால் காதால் கண்டுபிடிக்க முடியாது. தியாஷா அதைச் சொல்லவில்லை. அவளைத் தண்டித்தது என் தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. யாரும் எழுந்திருக்கவுமில்லை.

"இட்ஸ் ஓகே மிஸ்," என்றாள் தியாஷா, நோட்டைப் பார்த்துக்கொண்டு.

அன்று மாலையே பிரின்சிபல் கூப்பிட்டனுப்பினார். தண்டனை கொடுத்தது அவருக்குப் பிரச்சினை இல்லை. மன்னிப்புக் கேட்டதுதான் பிரச்சினை. "இப்ப எல்லாப் பேரன்ட்ஸும் வருவாங்க. உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? எக்ஸாம் செக்‌ஷன்ல உட்காருங்களேன். நீங்களே கேட்ட மாதிரி ஒரு லெட்டர் கொடுங்க." லெட்டர் தட்டச்சாகியே மேஜையில் இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்கப்புறம் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

என் வகுப்பில் இப்போது ஒரு விதி உண்டு. பேசுகிறவர்கள் கை தூக்கி எழுந்து நின்று பேச வேண்டும். முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. மூன்று மாதம் கழித்து எடுத்த வரைபடத்தில் வலது காதின் கோடு அதே இடத்தில் இருந்தது. இனி ஏறாது என்றார் டாக்டர்.

இந்த வருடம் அந்தப் பெண்கள் ஒன்பதாம் வகுப்பு. வினாடி வினா மறுபடி வந்தது. தியாஷாவின் பெயரை முதலில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். மறுநாள் அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். என் இடது பக்கமாகச் சுற்றி வந்து நின்று, முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"மிஸ், என் பேரை எடுத்துடுங்க."

"ஏம்மா? உன்னைவிட நல்லா போடறவங்க யாருமில்லையே."

"எனக்கு வேண்டாம் மிஸ்."

"என் மேல கோபமா?"

"கோபம் இல்லை மிஸ். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குப் புரியுது. ஆனா அன்னைக்கு நான் ரெண்டு தடவை சொன்னேன்."

அவள் சொன்னது சரி. இரண்டு தடவையும் அவள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.